ராமாயி, நம் ரோட்டில் பஸ் ஓடுகிறது

எனக்கு முன்னால் அவசரப்பட்டுக் கிளம்பிப் போன என் அன்புச் சம்பந்தி ராமாயிக்கு,

நீ போய் வருஷம் ஒன்று ஆகிவிட்டது. திவசத்துக்குக் கருவாட்டுக் குழம்பு கூடாது என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உனக்கு அது இல்லாமல் சோறு இறங்காது என்று அவருக்கு என்ன தெரியும்? அதனால் முதல் நாளே வைத்து, உன் பெயரைச் சொல்லி நாங்களே சாப்பிட்டுவிட்டோம். உன் மகள் மலர் இரண்டு தடவை சோறு வாங்கினாள். நீ பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய்.

நம் தோட்டத்து மன்றத்துப் பிள்ளைகள் தங்கள் பத்திரிகையில் போட ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு கொழுந்துக் கூடைக் கயிறு தலையில் ஏறியவள் என்னத்தை எழுத? உனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதை எழுதுகிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும் என்றேன். பிழைகளை மலர் திருத்தியிருக்கிறாள். ஏச்சுகளைத் திருத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

சேதிக்கு வருவதற்கு முன்னால் ஒன்று. என் மகனுக்கும் உன் மகளுக்கும் கல்யாணம் நடந்த அன்று தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் நாற்காலி போட்டாய். மாப்பிள்ளையைப் பெற்ற எனக்குப் பாய் போட்டாய். கேட்டதற்கு, "நாற்காலி நாலுதானே இருந்துச்சு, நீ நம்ம ஆளுதானே" என்று சொன்னாய். நம்ம ஆள் என்றால் தரையா? நான் அதை மறக்கவில்லை. நீ செத்துப் போனதால் மறந்துவிடுவேன் என்று நினைக்காதே.

சரி, சேதிக்கு வருகிறேன். ராமாயி, நம் ரோட்டில் பஸ் ஓடுகிறது. ஹட்டனிலிருந்து புறப்பட்டு, பொகவந்தலாவை ரோட்டில் வந்து, நம் தோட்டத்துக்குள் திரும்பி, மேல் பிரிவான மேற்கணக்கு வரைக்கும் ஏறி வருகிறது. நம் பெரட்டுக்களத்தில்தான் வளைத்துத் திருப்புகிறார்கள். காலையில் பெயர் கூப்பிட்டு நம்மை வேலைக்குப் பிரித்துவிட்ட அதே இடத்தில் இப்போது சிவப்பு பஸ் நின்று உறுமுகிறது.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ரோடு முதலில் தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவைத் தொடும். பிறகு கணக்கு எழுதும் ஐயாமாரின் குவாட்டர்ஸ், பிறகு கொழுந்து அரைக்கிற ஸ்டோர். அதற்கப்புறம்தான் நாம் வரிசையாகக் குடியிருக்கும் லயங்கள், கடைசியில் மேற்கணக்கு. யார் யார் உசத்தி என்று தெரிந்துகொள்ள அந்த ரோட்டில் ஒரு தரம் நடந்தால் போதும். கல் உடைத்துப் போட்டது நம் அப்பன்மார். ஆனால் அதில் வண்டியில் போனது துரை. ஐயாமார் பிள்ளைகள் தோட்டத்து வேனில் டவுன் பள்ளிக்கூடம் போனார்கள். நம் பிள்ளைகள் மழையில் நனைந்த புத்தகத்தை அடுப்பங்கரையில் காய வைத்தார்கள்.

எத்தனை தடவை கேட்டோம். ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் கேட்டோம், பிரதேச சபையில் போய்க் கேட்டோம். அது கம்பெனி ரோடு, சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். ஓட்டு மட்டும் தோட்டத்துக்குள்ளிருந்து எடுத்துப் போகச் சட்டத்தில் இடமிருந்தது. நீ அதைச் சபை மண்டபத்தில் எழுந்து நின்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "அப்ப எங்க ஓட்ட மட்டும் எந்த ரோட்டால கொண்டு போனீங்க?" என்று. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். மாற்றியும் ரோடு வர எவ்வளவோ காலம் எடுத்தது. நீ கண்ணை மூடிய பிறகுதான் கொங்கிரீட் போட்டார்கள்.

உன் கடைசிச் சாயங்காலத்தை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அடை மழை. "மலரு வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அவள் டவுனில் பார்மசியில் வேலைக்கு நின்றாள், அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். சேதி போனதும் ஓடி வந்தாள். உடைந்து கிடந்த ரோட்டில் எந்த ஆட்டோவும் ஏற மாட்டேன் என்றது. மெயின் ரோட்டிலிருந்து நடந்தே ஏறினாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றபோது, நான் உன் கால் விரல்களைச் சேர்த்துக் கட்டி முடித்திருந்தேன்.

அதற்குப் பிறகும் அவள் அந்த ரூமில்தான் இருந்தாள். வேலையை விட முடியுமா? என் மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறான். பேத்தி கவிஷா என்னோடு. சனிக்கிழமை பொழுது சாயும் நேரம் தாய் வருவாள், ஞாயிற்றுக்கிழமை போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் அந்தப் பிள்ளை தாயின் கைப்பையை எடுத்து அரிசி வாளிக்குள் ஒளித்து வைக்கும். பையைத் தேடித் தாய் நிற்கும் நேரம் லாபம் அல்லவா?

அதனால்தான் பஸ் வருகிறது என்றதும் நான் அம்மன் கோயிலுக்குத் தேங்காய் உடைத்தேன். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வந்தால் மலர் தினமும் வீட்டில் தூங்கலாம். ரூம் வேண்டாம். ஆனால் டிப்போவிலிருந்து வந்தவர் ஒரு வார்த்தை சொன்னார். "மூணு மாசம் ஓட்டிப் பாக்குறோம். ஆளு ஏறுனா பஸ் இருக்கும். ஏறலன்னா நிப்பாட்டிருவோம். வெறும் பஸ்ஸ மலைக்கு ஏத்தி எறக்க முடியாது." நியாயமான பேச்சுத்தான். எங்கள் ஆட்கள் ஏறாமலா போவார்கள் என்று எல்லோரும் சிரித்தோம்.

முதல் நாள் பூமாலை, மேளம், தேங்காய், வெள்ளைச் சட்டைக்காரர்கள். பஸ்ஸுக்கு விபூதி பூசினோம். மலர் ரூமை விட்டுவிட்டு, பாயும் சட்டியுமாக அந்த மாலை பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். கவிஷா அன்றைக்குப் பையை ஒளித்து வைக்கவில்லை.

இரண்டு வாரம் இருக்கும். ஒரு நாள் மாலை மலர் வந்து முகம் கழுவாமல் அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"அத்த, பஸ்ஸ நிப்பாட்டிருவாங்க போல இருக்கு."

"ஏன்டி?"

"யாரும் ஏற மாட்டேங்கிறாங்க. மேல இருந்து நாங்க நாலஞ்சு பேருதான். கீழ குவாட்டர்ஸ்ல கைய நீட்டி நிப்பாட்டி ஏறுறாங்க. நம்மாளுங்க ஒருத்தரும் ஏறல. டிரைவரு டைம் கீப்பருகிட்ட சொல்லிட்டாராம், இந்தத் தோட்டத்து ஆளுங்களுக்கு பஸ் வேணாமாம்னு."

"வேணாமா? எவ சொன்னா?"

"யாரும் சொல்லல அத்த. ஹோன் சத்தம் கேட்டதும் எல்லாரும் கானுக்குள்ள எறங்கிடுறாங்க. கொடைய மடக்கிக்கிட்டு, மழையில. தெய்வானக்கா தலையில போட்டிருந்த துண்டையும் எடுத்துட்டா. நான் நனையாம உள்ள ஒக்காந்து பாக்குறேன். எனக்காக எறங்குனாப்ல இருந்துச்சு அத்த. எனக்கு எந்திரிச்சி நிக்கணும்போல இருந்துச்சு."

அவள் அழவில்லை. ஆனால் அன்றைக்குச் சோறு சாப்பிடவும் இல்லை.

கான் என்றால் என்னவென்று நம் ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால். ஜீப் ஹோன் கேட்டால் கானுக்குள் இறங்கிவிட வேண்டும். குடையை மடக்க வேண்டும், தலைத்துணியை எடுக்க வேண்டும், வண்டி மறையும் வரைக்கும் குனிந்து நிற்க வேண்டும். நமக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அம்மா கையைப் பிடித்து இழுத்தாள், நாமும் இறங்கினோம். பிறகு நம் பிள்ளைகளின் கையைப் பிடித்து நாம் இழுத்தோம்.

மறுநாள் காலையில் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது தெய்வானையைப் பிடித்தேன்.

"ஏன்டி, பஸ்ஸுல ஏற மாட்டியாம்ல?"

"நான் ஏறத்தான் ரோட்டுல போனேன் அக்கா. அதுதான் நிக்கல."

"நீ கைய நீட்டுனியா?"

"கைய நீட்டணுமா? ஆளு நிக்கிறது அவனுக்குத் தெரியாதா?"

"நீ கானுக்குள்ள நின்னா ஏறப் போறவன்னு அவன் எப்படிடி நெனப்பான்?"

தெய்வானை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நானா? நான் கானுக்குள்ள எறங்கலயே" என்றாள். பொய் சொல்லவில்லை, ராமாயி. இறங்கினது அவளுக்கே தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு காலம் கேட்டு வாங்கிய பஸ்ஸை இந்த மடச் சிறுக்கிகள் துரத்திவிடுவார்கள் என்று ஏசினேன். மறுநாள் வெளுத்த சேலை கட்டி, கோயிலுக்குக் கீழே ரோடு வளைகிற முடக்கில் நடு ரோட்டை ஒட்டி நின்றேன். பஸ்ஸை நிறுத்தி ஏறிக் காட்டுகிறேன் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மேலே ஹோன் கேட்டது. நீட்டு ஹோன்.

அடுத்தது எனக்குத் தெரிந்தது, இடது கால் சேற்றுக்குள், கையில் தேயிலைச் செடி, குடை மடங்கியிருந்தது. பஸ் என்னைக் கடந்து போனது. கண்ணாடிக்குள் மலர் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

"என்ன பழனியாயி, தொர எங்க போறாரு?"

கான் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் போகும் போக்குக் கட்டில் உட்கார்ந்து சிரித்தவன் சுப்பையா. ஆமாம், அந்தச் சுப்பையாதான். நம் லயத்தில் பிறந்து, துரையின் ஜீப் ஓட்டக் காக்கிச் சட்டை போட்டதும் நம் முகத்தைப் பார்க்காதவன். தீபாவளி அன்று உன் புதுச் சேலை முழுக்கச் செம்மண் தண்ணீரை அடித்துவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் போனவன். நீ அந்தச் சேலையைத் துவைத்துத் துவைத்து, கடைசியில் மலருக்குத் தொட்டில் கட்டினாய். அன்றிலிருந்து நான் அவனோடு பேசவில்லை. அவன் பெண்சாதி செத்ததற்குப் போனேன், அவளோடுதான் எனக்குச் சண்டை இல்லை.

அன்றைக்குப் பேசிவிட்டேன். சேற்றில் நின்றுகொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை.

"பல்ல இளிக்காத. நீ அடிச்சுப் பழக்குன ஹோனுதானே."

"நானா அடிச்சேன்? தொர பின்னால ஒக்காந்திருப்பாரு. மெதுவா போனா என்னைய ஏசுவாரு."

"தொர இல்லாத அன்னைக்கும் நீட்டித்தானே அடிச்ச?"

அவன் சிரிப்பு நின்றது. முழங்காலைத் தடவிக்கொண்டான். இப்போது அவனுக்கு ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது, மாதா மாதம் கிளினிக் போக வேண்டும்.

"அடிச்சேன்" என்றான். "நீங்கள்லாம் எறங்கி நிக்கிறதப் பாத்தா எனக்கும் கொஞ்சம் தொர மாதிரி இருந்துச்சு."

"இப்ப நீ எறங்கலயே."

"எனக்கு அந்தப் பழக்கம் இல்ல. நான் உள்ள இருந்தவன்." பிறகு கையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டான். தூக்கிவிட்டுச் சொன்னான்: "அந்த பஸ்ஸுக்கும் அதே நீட்டு அடிதான் பழனியாயி. ஜீப் ஹோன் மாதிரியே இருக்கு. நம்ம சனத்துக்கு அந்தச் சத்தம் கேட்டா காலு நிக்காது. டிரைவருகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு."

"நீ சொன்னா ஆகாதா?"

"நான் எந்த மொகத்தோட சொல்றது?"

அந்த டிரைவர் கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களப் பையன். நல்லவன். காலையில் பஸ்ஸைத் திருப்பிவிட்டுப் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது பால் விடாத பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், உள்ளங்கையில் சீனியோடு. என் சிங்களம் கடைத்தெருச் சிங்களம், உனக்குத் தெரியும்.

"மல்லி, ஹோன் எப்பா" என்றேன். ஹோன் வேண்டாம் தம்பி.

"ஹோன் நெத்துவ கொஹொமத அம்மே? ஒக்கோம வங்கு நே." எல்லாம் முடக்கு, ஹோன் இல்லாமல் எப்படி அம்மா என்று சிரித்தான்.

எங்கள் ஆட்களுக்குப் பயம், அதுதான் கானுக்குள் குதிக்கிறார்கள் என்றேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "மட்டத அம்மே?" என்று கேட்டான். என்னைப் பார்த்தா பயம்?

"ஒயாட்ட நெவெய். ஜீப் எக்கட்ட." உன்னைப் பார்த்து இல்லை, ஜீப்பைப் பார்த்து.

"கோ ஜீப் எக்க?" எங்கே ஜீப் என்று சுற்றிலும் பார்த்தான்.

அந்த ஜீப்பை விற்று எவ்வளவோ காலம் ஆகிறது. அந்தத் துரையும் சீமைக்கோ எங்கேயோ போய்விட்டார். "ஜீப் எக்க தென் நே" என்றேன். இப்போது இல்லை. அந்தப் பையன் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு நீட்டி அடிக்க மாட்டேன், முடக்கில் சின்னதாய் இரண்டு தட்டுத் தட்டுகிறேன் என்றான். நம் ஆட்கள் ஏறுகிறவர்கள் என்று தெரியாமல் போய்விட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னான். நம்மிடம் மன்னிப்புக் கேட்ட முதல் டிரைவர் அவன்தான்.

ஆனால் பஸ் பெரிதல்லவா? ஹோன் சின்னதாய்த் தட்டினாலும் அந்த உறுமலுக்கே முதல் முடக்கில் இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். நான் அன்றைக்கு டிக்கட் எடுத்து முன் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்.

"ஏய் தெய்வான. என் அம்மிக் கொழவிய எடுத்துட்டுப் போனவளே. ஏறுடி."

தெய்வானை நிமிர்ந்தாள். வண்டிக்குள்ளிருந்து அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, பார்.

"எந்தக் கொழவி? அது எங்க அம்மா குடுத்த கொழவி."

"ஏறி வந்து சொல்லு."

டிரைவர் நிறுத்திவிட்டான். அவள் கானிலிருந்து ஏறி, பஸ்ஸிலும் ஏறி, என் முன்னால் நின்று சண்டை பிடித்தாள். சண்டை முடிவதற்குள் பஸ் ஸ்டோரைத் தாண்டிவிட்டது. தாண்டியது அவளுக்கே தெரியவில்லை.

எனக்கு வழி தெரிந்துவிட்டது. நம் தோட்டத்தில் நான் மறக்காத ஆள் உண்டா? "முனியாண்டி, என் சேவல அடிச்சுக் கொழம்பு வச்சவனே, ஏறு." "ஐயோ, அது நரி புடிச்சது சின்னம்மா." "நரி மொளகாத்தூள் கேட்டு வந்துச்சா? ஏறிச் சொல்லு." "லெச்சுமி, என் நிரையில கை வச்சுக் கொழுந்து பறிச்சவளே." "அது கங்காணி காட்டுன நிரை அக்கா." "ஏறு, ஏறு, கங்காணியையும் கூட்டிக்கிட்டு ஏறு." இல்லை என்று சொல்வதற்காகவே ஒவ்வொருவராய் ஏறினார்கள். ஆமாம் என்று ஒருத்தரும் ஏறவில்லை. கண்டக்டர் தம்பி டிக்கட் கிழித்துக் களைத்துப் போனான்.

சுப்பையாவும் ஊன்றுகோலோடு ஏறி, மறு பக்க ஜன்னலில் உட்கார்ந்து கீழ் லயத்து ஆட்களைக் கூப்பிட்டான். எனக்கே தெரியாதவர்களின் பெயர்கூட அவனுக்குத் தெரிந்திருந்தது. ஜீப்பிலிருந்து இத்தனை பேரையும் பெயர் பெயராகத் தெரிந்துதான் பார்த்திருக்கிறான்.

ஒன்று சொல்ல வேண்டும். ஏறினதோடு முடியவில்லை. நம் ஆட்கள் உட்காராமல் விட்ட முன் சீட்டுகளில், கீழே ஏறிய குவாட்டர்ஸ் ஆட்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் முதல் நாளே கையை நீட்டினார்கள், பஸ் நின்றது. கையை நீட்டினால் வண்டி நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பெரிய கிளாக்கரம்மா பக்கத்து சீட்டில் தன் பையை வைத்திருந்தார். தெய்வானை இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, பைய மடியில வச்சுக்குங்க, இவ ஒக்காரட்டும்" என்றேன்.

"பின்னால எடம் இருக்கே பழனியாயி."

"இங்கயும் இருக்குதுங்களே அம்மா. டிக்கட் ஒரே வெலதான்."

கிளாக்கரம்மா என்னைப் பார்த்தார், பையை எடுத்தார். தெய்வானை அந்த சீட்டின் நுனியில், இப்பவோ அப்பவோ விழுகிற மாதிரி உட்கார்ந்தாள். ஹட்டன் வரைக்கும் அப்படியே உட்கார்ந்து போனாள். இறங்கும்போது கிளாக்கரம்மா, "சரியா ஒக்காந்து வாங்க, விழுந்துருவீங்க" என்று அவளிடம் சொன்னார். இப்போதெல்லாம் இரண்டு பேரும் மூட்டு வலித் தைலம் பற்றிப் பேசிக்கொண்டு போகிறார்கள். சிநேகிதம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே பஸ்ஸில் போகிறார்கள், அவ்வளவுதான். அதுவே இத்தனை காலம் இல்லையே.

ரோடு யாருக்கென்று சட்டம் எழுதினவர்கள் நல்லது செய்தார்கள், கும்பிடுகிறேன். ஆனால் ரோட்டைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தார்கள். கானுக்குள் இறங்கிப் பழகிய சனத்தைப் பற்றி, ஆள் ஏறவில்லை, இவர்களுக்கு பஸ் வேண்டாம் போலிருக்கிறது என்று முடிவு எழுதிவிட்டால், அதை யார் போய்த் திருத்துவது? இப்படி வேண்டாம் என்று எழுதி நிறுத்தினது இன்னும் எத்தனை இருக்கும்? கந்தப்பளைப் பக்கம் என் தங்கச்சி தோட்டத்தில் மருந்துச்சாலை ஒன்று திறந்து மூடிவிட்டார்களாம், ஆட்கள் வருவதில்லை என்று. யாராவது அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களா, தெரியவில்லை.

மூன்று மாதம் முடிகிற நேரம் டிப்போவிலிருந்து ஒருவர் ஏறினார். அன்றைக்கு மழை. பஸ்ஸில் நிற்க இடமில்லை. நான் வழக்கம்போல ஜன்னலில் கத்திக்கொண்டிருந்தேன். அவர் டிரைவரிடம், யார் இந்த அம்மா என்று கேட்டார். "அம்மா தமய் கொந்தொஸ்தர" என்றான் அந்தப் பையன். இந்த அம்மாதான் கண்டக்டராம். உண்மையான கண்டக்டரும் சிரித்தான். வந்தவர் சிரிக்காமல் இறங்கிப் போனார். அந்த வாரம் மலர் பழைய ரூம்காரிக்கு ஃபோன் போட்டு, ரூம் காலியாகத்தான் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. கவிஷா காதிலும் விழுந்திருக்க வேண்டும். கைப்பையைக் காணோம். இந்தத் தடவை மாவு டின்னில் இருந்தது.

அடுத்த வாரம் டைம் கீப்பரே மலரைக் கூப்பிட்டுச் சொன்னாராம். பஸ் இருக்கும். நிரந்தரம்.

அவள் அதை எனக்கு ஃபோனில் சொல்லவில்லை. மாலை பஸ்ஸில் வந்து இறங்கி, பெரட்டுக்களத்திலிருந்து லயம் வரைக்கும் நடந்து வந்து, உன் படத்துக்கு முன்னால் நின்று, "அம்மா, நான் வந்துட்டேன்" என்றாள். பிறகுதான் எங்களிடம் சொன்னாள். அன்றைக்குக் கேட்டாயே, மலரு வந்துட்டாளா என்று. இப்போது தினமும் வருகிறாள் ராமாயி. சில நாள் கையில் பாண் ரொட்டி, சில நாள் மீன் வைத்த மாலுபணிஸ். கவிஷா தாயின் கழுத்தில் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறது. மலர் விடியும்வரை புரண்டு படுக்க முடியாமல் கிடந்து, காலையில் இடுப்பு வலி என்கிறாள். படுக்கையைத் தள்ளிப் போடுகிறாயா என்று கேட்டால், வேண்டாம் அத்தை என்கிறாள்.

இப்போது நான் தினமும் போவதில்லை. நம் ஆட்கள் பழகிவிட்டார்கள். தெய்வானை மட்டும் இன்னும் ஒரு காலைக் கானுக்குள் வைத்து, ஒரு கையை ரோட்டுக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறாள். டிரைவர் அதைப் பார்த்தே நிறுத்துகிறான். அம்மிக் குழவி இன்னும் வரவில்லை.

சுப்பையாவைப் பற்றிக் கேட்பாய். மன்னிக்கவில்லை. உன் சேலைக்கு நான் எப்படி மன்னிக்க முடியும், அது உன் பாடு, அவன் அங்கே வரும்போது நீயே கேட்டுக்கொள். கிளினிக் நாளில் பக்கத்து சீட்டில் உட்கார விடுகிறேன். அவ்வளவுதான்.

ஒரு குறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. கந்தோர் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்களுக்கு ஞாயிறு லீவு, பஸ்ஸுக்கும் லீவு. இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறவளுக்கு டவுனுக்குப் போக ஞாயிறு ஒன்றுதானே இருக்கிறது? மற்ற நாள் அவள் மலையில் நிற்கிறாள், பஸ் அவளைத் தாண்டி ஓடுகிறது. இதை நேர அட்டவணை போட்டவர் யோசிக்கவில்லை. யோசிக்க வைக்க வேண்டும். வருகிற மாதம் சபைக் கூட்டத்துக்கு ஒரு பஸ் நிறைய ஆள் திரட்டியிருக்கிறேன். கிளாக்கரம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.

ராமாயி, உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை வாங்காமல் நான் உன் பக்கம் வர மாட்டேன். அங்கே தனியாக இருக்கிறது, பேச ஆள் இல்லை என்று என்னைக் கனவில் வந்து கூப்பிடுகிறாயே, அதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்து. இங்கே எனக்கு வேலை கிடக்கிறது.

உன் மகளுக்கு மாமியார், உன் பேத்திக்கு அப்பாயி,
தேயிலை நிரையில் உனக்கு வலது கைப்பக்கம் நின்ற
உன் சம்பந்தி பழனியாயி,
மேற்கணக்கு.